ஒற்றைக் கையுறை

புவனேஸ்வரன் வருகிறான் என்று அம்மா சொன்னதும், "வரட்டுமே, யார் வேண்டாம்னது?" என்று கேட்டுவிட்டு, தேவையே இல்லாமல் இன்னும் நாலு வெங்காயத்தை நறுக்கித் தள்ளினாளே சந்திரிகா, அந்த இடத்தில் போன வாரம் விட்டோம். வெங்காயம் வீணாகவில்லை. ஆயுத பூஜைச் சமையலில் வெங்காயம் கிடையாது என்பதால் அம்மா காமாட்சியம்மாள் அதை டப்பாவில் போட்டு ஐஸ்பெட்டியில் தள்ளிவிட்டாள்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. புவனேஸ்வரன் சந்திரிகாவின் கூடப்பிறந்த தம்பி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா சோமசுந்தரம் கண்ணை மூடினார். கருமாதி முடிந்த மறுநாள் தம்பி கையை நீட்டி, "டட்சன் சாவியைக் குடுக்கா, காரை நான் எடுத்துட்டுப் போறேன்" என்றான். சந்திரிகா சாவியை முஷ்டிக்குள் மூடிக்கொண்டாள். "அப்பா கார் இந்த வீட்டை விட்டுப் போகாது. வேணும்னா நீ வந்து பாத்துக்கோ" என்றாள். அவன் போய்விட்டான்.

எங்கே போனான்? சீமைக்கா? பினாங்குத் தீவிலிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற செபராங் ஜெயாவுக்கு. ஃபெரியில் ஏறி உட்கார்ந்தால் ஒரு வடை தின்று முடிப்பதற்குள் பட்டர்வொர்த் வந்துவிடும். அந்தத் தண்ணீரைத் தாண்டி வர ஒருத்தனுக்கு ரெண்டு தீபாவளி, ரெண்டு தைப்பூசம் போதவில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அவன் குடும்பத்தோடு வந்துபோனதாகக் கேள்விப்பட்டாள். ஜெலுத்தோங்கில் இருக்கிற பிறந்த வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

இன்றைக்கு வருகிறான். அம்மா கூப்பிட்டாளாம், சரி என்றானாம்.

சந்திரிகா ஆபீஸுக்கு லீவு போட்டாள். அம்பத்திரண்டு வயதில், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவளுக்கு, வீடும் அம்மாவும் அந்தப் பழைய டட்சனும்தான் உலகம். விடிந்ததும் காரைக் கழுவ ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்டார்ட் செய்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவாளே தவிர, பானட்டைத் திறப்பவள் இல்லை. இன்றைக்குத் திறந்தாள். பூஜை என்றால் எஞ்சினுக்கும்தானே?

உள்ளே ஒரு மூலையில், ஏதோ உருண்டையான சாமானின் மேல் ஒரு மஞ்சள் ரப்பர் கையுறை மாட்டியிருந்தது. பாத்திரம் கழுவுகிற கையுறை! விரல் நுனிகளை வெட்டி, அதன் வழியாகத் தடித் தடியாக வயர்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. மேலெல்லாம் கருப்புப் பிசுக்கு. 'கர்மம், சாமிக்கு முன்னாடி இதைப் போய்...' என்று கத்தரிக்கோலை எடுத்து நறுக்கிக் குப்பையில் போட்டாள். அந்த உருண்டையைத் துடைத்து, மூன்று விரலால் சந்தனம் தீற்றி, நடுவில் குங்குமம் வைத்தாள்.

அதோடு விட்டாளா? காரின் பின்பக்க பூட்டில், சாமான் வைக்கிற இடத்தில் கிடந்த அப்பாவின் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ஸ்பேனர், திருப்புளி, ஜாக்கி எல்லாவற்றையும் துடைத்து, பூஜை அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தாள். பக்கத்தில் ஆபீஸ் லேப்டாப். எல்லாவற்றுக்கும் பொட்டு. இனி நாளைக் காலை விஜயதசமி பூஜை முடிகிற வரை ஒன்றையும் தொடக்கூடாது. அப்பா காலத்திலிருந்து வருகிற சட்டம் அது.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது.

ஆபீஸுக்குப் போகிற மைவி கார் வாசலில் நின்றது. சந்திரிகா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பியைக் கூட்டிட்டு வர மழையில எதுக்குடி டட்சன்? ஃபெரிக்குச் சின்னக் கார்ல போயேன்" என்றாள் அம்மா.

"பாக்கட்டுமேம்மா. ரெண்டு வருஷமா எப்படி வச்சிருக்கேன்னு அவன் கண்ணால பாக்கட்டும்."

அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு கொண்டைக்கடலையைக் கிளறப் போய்விட்டாள்.

*

ஃபெரியிலிருந்து ஆட்கள் குடையும் கையுமாக நடந்து வந்தார்கள். இப்போதெல்லாம் ஃபெரியில் ஆட்களும் மோட்டார்சைக்கிள்களும்தான். அந்தக் காலத்தில் காரோடு உள்ளே போவார்கள். அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு, "இறங்கக்கூடாது" என்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ரெண்டு பேரும் இறங்கிக் கம்பி ஓரம் ஓடியிருப்பார்கள். கடல் வாடையும் டீசல் வாடையும் கலந்து அடிக்கும். புவனன் ஜெல்லிமீன் எண்ணுவான். சந்திரிகா அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருப்பாள், விழுந்துவிடுவான் என்று.

அவன் வந்தான். தலை நரைத்திருந்தது. தோளில் ஒரு பெரிய பை. ஒரு சாயங்காலப் பூஜைக்கு இவ்வளவு பெரிய பையா?

"வா" என்றாள்.

"ம்" என்றான்.

ரெண்டு வருஷத்துக்குப் பிறகு அக்காளும் தம்பியும் பேசிக்கொண்ட லட்சணம் இது. அவன் காரைப் பார்த்தான். பிஸ்தாப் பச்சையில் மழைத்துளி உருண்டோட, பம்பர் பளபளத்தது. சந்திரிகா அவன் முகத்தையே பார்த்தாள். ஒரு வார்த்தை, 'நல்லா வச்சிருக்கே' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன?

"மைவி எங்க?" என்றான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். இன்றைக்கு ஏதாவது கோணலானால் இவன் அடுத்த ஃபெரியில் ஏறிவிடுவான், அப்புறம் அம்மாவும் கண்ணை மூடும்போதுதான் வருவான். அந்தப் பயம் காலையிலிருந்தே அவளை விடவில்லை. வண்டியை எடுத்தாள்.

ஹைவேயில் வண்டிகள் நகரவில்லை. சுங்கை பினாங் வழியாகத் திரும்பினாள். கடலும் ஏறி மழையும் கொட்டினால் அந்தப் பக்கம் என்ன ஆகும் என்று பினாங்கில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் திரும்பினாள். தெரு முழுக்கக் காப்பிக் கலரில் தண்ணீர் நின்றது.

"அக்கா, வேணாம். பின்னால எடு."

"இதென்ன பெரிய பஞ்சிரா, வெள்ளமா? அப்பா இதைவிட ஆழத்துல எல்லாம் போயிருக்காரு."

அது உண்மைதான். பாலிக் புலாவிலிருந்து டுரியான் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவுக்கு அடியில் தண்ணீர் ஏறி, அக்காளும் தம்பியும் பின் சீட்டில் உட்கார்ந்து கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். அம்மா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மற்ற கார்களெல்லாம் நடுத்தெருவில் செத்துக் கிடக்க, அப்பா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பெரியவர் ஊர்வலத்தில் போகிற தோரணையில் ஓட்டினார். டட்சன் நிற்கவே இல்லை. அது ஏன் நிற்கவில்லை என்று சந்திரிகா அன்றைக்கும் யோசிக்கவில்லை, இன்றைக்கும் யோசிக்கவில்லை.

தண்ணீர் சக்கரத்தை மறைத்தது. "நிறுத்தாதே. எண்ணெய் மிதியை ஒரே மாதிரி அழுத்து. கியரை மாத்தாதே" என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். பாதிக்கு மேல் தாண்டியாயிற்று. கரை தெரிந்தது. அப்போது எதிரே லோரியில் வந்தான் ஒரு மகாராஜன், வேகத்தைக் குறைக்காமல். அலை எழும்பி பானட்டின் மேல் வந்து விழுந்தது. டட்சன் ரெண்டு தரம் இருமியது. அப்புறம் பேச்சுமூச்சில்லை.

சந்திரிகா பதறிப்போய் சாவியைப் பிடித்தாள்.

"தொடாதே!" அவன் அவள் கையைப் பிடித்துவிட்டான். "உள்ள தண்ணி போயிருந்தா, சுத்தின உடனே கம்பி வளைஞ்சு எஞ்சினே போயிடும். காத்து அமுங்கும்க்கா, தண்ணி அமுங்காது. தள்ளிட்டுப் போவோம், இறங்கு."

இறங்கினார்கள். முழங்கால் தண்ணீரில், பூஜைக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு சந்திரிகா காரைத் தள்ளினாள். கரையில் இருந்த நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையிலிருந்து கடைக்காரர் சதாம், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து தோள் கொடுத்தார். கடை வாசல் மேட்டில் ஏற்றி நிறுத்தினார்கள்.

"ரொம்ப நேரம் இங்க விடாதீங்க அண்ணே. கடல் இன்னும் ஏறுது. மக்ரிப் தொழுகை நேரத்துக்கு என் வாசல்லயே தண்ணி வந்துடும்லா" என்று சொல்லிவிட்டுச் சதாம் ஆப்பையைத் தேடிப் போனார்.

*

புவனேஸ்வரன் சட்டையைச் சுருட்டிக்கொண்டு பானட்டைத் திறந்தான். முதலில் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தான்.

"இது தே தாரிக் பால் டீ மாதிரி வெளுத்து இருந்தா நம்ம கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

கருப்பாக இருந்தது. சந்திரிகாவுக்கு மூச்சு வந்தது. அடுத்து ஏர் ஃபில்டர் மூடியைக் கையாலேயே திருகித் திறந்தான். உள்ளே இருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தான். ஓரத்தில் மட்டும் ஈரம்.

"எஞ்சின் குடிச்சிருக்காது, குடிச்சாலும் ஒரு வாய்தான். கரண்டு போற இடத்துலதான் ஈரம்" என்று சொல்லிக்கொண்டே குனிந்தவன் அப்படியே நின்றான். "அக்கா, இது என்ன?"

அந்த உருண்டைச் சாமானிலிருந்து மஞ்சளும் சிவப்புமாகச் சந்தனக் குழம்பு வழிந்துகொண்டிருந்தது.

"ஆயுத பூஜை இல்லையா... பொட்டு வச்சேன்."

"டிஸ்ட்ரிபியூட்டருக்கா? இதுலேர்ந்துதான் நாலு ப்ளக்குக்கும் நெருப்பு போகணும். முன்னால ஃபேன் சுத்தச் சுத்தத் தண்ணியை வாரி இது மேலதான் அடிக்கும். அதுக்குத்தானே கிளவ்? கிளவ் எங்க?"

"எந்தக் கிளவ்?" என்று கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அஞ்சு விரல். நாலு ப்ளக் வயர், நடுவில் வருகிற பெரிய வயர் ஒன்று. ஆக அஞ்சு. எத்தனை மழைக்காலம், எத்தனை வருஷம், அம்மா கழுவுதொட்டிப் பக்கம் நின்று கத்தியிருக்கிறாள்! "என் இடது கை கிளவைக் காணோம்! மறுபடியும் அந்த மனுஷன் எடுத்துட்டாரு!" அப்பா வாசலிலிருந்தே பதில் கொடுப்பார்: "நீ வலது கையாலதானே தேய்க்கிறே காமாட்சி? அதுக்குத்தான் இடதை எடுத்தேன்."

"குப்பையில போட்டுட்டேன்" என்றாள் சந்திரிகா, குரலே எழும்பாமல். "அழுக்கா இருந்துச்சு. வெட்டி எடுத்தேன்."

"வெட்டி எடுத்தியா?" அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அடப் போக்கா! போன மாசம்தானே புதுசா போட்டேன்!"

மழை நின்று கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சந்திரிகா நிமிர்ந்தாள்.

"என்ன சொன்னே?"

அவன் மறுபடி எஞ்சினுக்குள் குனிந்துகொண்டான்.

"போன மாசமா? நீ போட்டியா? எங்கே வச்சுப் போட்டே?"

அவன் டிஸ்ட்ரிபியூட்டரின் ரெண்டு கொக்கிகளையும் விரலால் தட்டி விட்டு, மூடியைக் கழற்றி, உள்பக்கத்து ஈரத்தைச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"மாசத்துக்கு ஒரு தடவை வருவேன். ஷிஃப்ட் லீவு விடுற அன்னிக்கு, நீ ஆபீஸுக்குப் போனப்புறம். அப்பாவோட ரெண்டாவது சாவி அம்மாகிட்ட இருக்கு. ஆயில் பாப்பேன், பேட்டரித் தண்ணி ஊத்துவேன். சாப்பிட்டுட்டுப் போயிடுவேன். நீதானே சொன்னே, வேணும்னா வந்து பாத்துக்கோன்னு."

சந்திரிகாவுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்குள் ஏறினால் சில நாள் சீட்டு ஒரு பல் பின்னால் தள்ளியிருக்கும். கால் எட்டாது. சீட்டுத் தண்டவாளம் தேய்ந்துபோய்த் தானாக நழுவுகிறது என்று நினைத்து முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். கண்ணாடி உயரமாகத் திரும்பியிருக்கும். பூனை ஏறியிருக்கும் என்று நினைத்தாள். ஒரே சாவியில் எஞ்சின் உறுமும்போதெல்லாம், 'பாருங்கப்பா, நான் ஒருத்தியாவே வச்சிருக்கேன் பாருங்க' என்று அப்பாவிடம் பெருமை பேசியிருக்கிறாள். காலையில் வெட்டி எறிந்த அந்தக் கையுறை எத்தனை பளிச்சென்ற மஞ்சள்! மேலே பிசுக்கு இருந்ததே ஒழிய ரப்பர் புதுசு. ரெண்டு வருஷம் எஞ்சின் சூட்டில் கிடந்ததாக இருந்தால் கையில் எடுத்ததும் உதிர்ந்திருக்காதா? இது கூடவா தோன்றவில்லை?

அவன் வீட்டை விட்டுப் போகவே இல்லை. அவளை மட்டும்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அவள் போய்ச் சதாம் கடை நாற்காலியில் உட்கார்ந்தாள். பொசுக்கென்று அழுகை வந்தது. சதாம் கேட்காமலே ரெண்டு தே வைத்துவிட்டு, ஒரு டிஷ்யூப் பெட்டியையும் வைத்தார். கார் துடைக்கத்தான் கொண்டு வந்தார். முதல் டிஷ்யூ கண்ணுக்குப் போனது.

புவனேஸ்வரன் வந்து எதிரே நின்றான். "ப்ளக் நாலையும் கழட்டிப் பாக்காம சாவியைப் போடமாட்டேன்க்கா. ப்ளக் ஸ்பேனர் வேணும். பூட்ல அப்பா பெட்டி எங்க?"

"பூஜையில."

"ஜாக்கி?"

"அதுவும் பூஜையில."

"சரிதான்" என்றான். சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. சதாம் தன் மோட்டார்சைக்கிள் ஸ்பேனரைக் கொண்டுவந்து கொடுத்தார். அது சின்னது, ப்ளக்கின் தலைக்கு மேலேயே ஏறவில்லை. யாருடையதோ ரப்பர்ச் செருப்பு ஒன்று மிதந்து கடை வாசலில் வந்து ஒதுங்கியது. தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அவன் அம்மாவுக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொன்னான். "கிளவ் இல்லம்மா. அக்கா வெட்டிட்டா... ஆமா, தெரிஞ்சு போச்சு. நான்தான் உளறிட்டேன்... இல்லம்மா, பெட்டி பூஜையில இருக்கு, தொடக்கூடாதுல்ல, நான் வேற போமன் மெக்கானிக்கைப் பாக்கறேன்."

போனை வைத்துவிட்டு, "அக்கா, நீ கிராப் டாக்சி பிடிச்சு வீட்டுக்குப் போ. அம்மா தனியா இருக்காங்க. நான் காரைக் கரையேத்திட்டு அப்படியே ஃபெரிக்குப் போயிடறேன்" என்றான்.

காலையிலிருந்து பயந்துகொண்டிருந்த வார்த்தை வந்தேவிட்டது. 'போகாதே' என்று சொல்ல வேண்டும். சந்திரிகா தே டம்ளரைத் தள்ளி வைத்தாள். அவன் கைப்பேசி அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். மறுபடி அடித்தது. மறுபடி அணைத்தான்.

*

ஜெலுத்தோங் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பின்கதவு திறந்து முதலில் தகரப்பெட்டி இறங்கியது. மூடியில் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப் பூ ஒட்டியிருந்தது. அதற்குப் பின்னால் காமாட்சியம்மாள் இறங்கினாள், எழுபத்தாறு வயது, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

"அம்மா! பூஜைச் சாமானை எடுத்துட்டியா? நாளைக்குக் காலைலதானே..." சந்திரிகா எழுந்தேவிட்டாள்.

"எல்லாம் தெரியும், நீ சும்மா இரு. சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன். ரெண்டும் தண்ணியில நிக்குதுங்க, இப்பக் குடுக்காம எப்பக் குடுக்கப்போறேன்னேன். நாளைக்கு வச்சு மறுபடி கும்பிட்டா ஆச்சு." பெட்டியை மகனிடம் நீட்டினாள். "இந்தா, பாத்து எடு. பொட்டு அழியாம."

சந்திரிகாவுக்கு உள்ளே கொதித்தது. "நீயும்தானேம்மா மறைச்சே? ரெண்டு வருஷம்! ஒரே வீட்டுல இருந்துகிட்டு!"

"ஆமா, மறைச்சேன்." அம்மா கண்ணைத் தாழ்த்தவில்லை. "சொல்லியிருந்தா நீ அந்த ரெண்டாவது சாவியையும் வாங்கிப் பூட்டியிருப்பே. ஏண்டி, ரெண்டு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'தம்பி எப்படிம்மா இருக்கான்'னு என்னைக் கேட்டிருக்கியா? கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீ கேப்பேன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

கேட்கவில்லைதான். அவன் கேட்கட்டும், அவன் வரட்டும், அவன் பேசட்டும் என்றே நாளை ஓட்டிவிட்டாள். சந்திரிகா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு காரண்டை போனாள்.

அம்மா கைப்பையைத் திறந்து ஒரு மஞ்சள் கையுறையை எடுத்தாள். "இதைப் போடுங்க. கீழ் அலமாரியில வலது கை கிளவா சேந்து கிடக்கு. அந்த மனுஷன் இடதை இடதைத் தூக்கிட்டுப் போவாரு, ஒத்தையை எறிய மனசில்லாம இதை நான் எடுத்து வைப்பேன். அதுல ஒண்ணாவது இன்னிக்கு உதவுதே."

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. புவனேஸ்வரன் நாலு ப்ளக்கையும் கழற்றினான். "இப்பச் சுத்துக்கா, பயப்படாதே" என்றான். சந்திரிகா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். மூன்றாவது ப்ளக் துளையிலிருந்து புஸ்ஸென்று தண்ணீர் தெறித்து அவன் முகத்தில் அடித்தது.

"பாத்தியா, ஒரு வாய் குடிச்சிருக்கு! அப்பவே நீ சாவியைப் போட்டிருந்தா தீந்துது!"

முகமெல்லாம் ஈரமும் விரலெல்லாம் குங்குமமுமாக அவன் சிரித்தான். சின்ன வயதில் ஜெல்லிமீன் எண்ணிய அதே சிரிப்பு. சந்திரிகாவுக்கு அவனை எழுந்து போய் ஒரு அறை அறைந்து கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ப்ளக்குகளைத் துடைத்து மாட்டினான். கையுறையின் விரல் நுனிகளை வெட்டினான். "வந்து இதைப் பிடி. விரலை விரிச்சுப் பிடிக்கணும்" என்றான்.

அந்த வேலையை அப்பா எப்போதும் புவனனிடம்தான் கொடுப்பார். சந்திரிகாவிடம் குடையைக் கொடுத்து, "நனையாம பிடிம்மா" என்பார். நாற்பது வருஷம் கழித்து இன்றைக்குத்தான் அவள் கைக்கு அந்த வேலை வந்தது. கூரைச் சொட்டு மேலே விழாமல் குடையை அம்மா பிடித்துக்கொண்டாள். கட்டை விரலில் பெரிய வயர், மற்ற நாலில் நாலு. ஒவ்வொரு வயரும் ரப்பருக்குள் நுழைந்து வரும்போது தம்பியின் விரல் அவள் விரலில் இடித்தது.

"இப்பப் போடு" என்றான்.

முதல் தரம் முனகியது. ரெண்டாவது தரம் இருமியது. சதாம் கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். மூன்றாவது தரம் டட்சன் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, வெள்ளைப் புகையைக் கக்கி, உறுமியது. அந்தச் சத்தம்! சாயங்காலம் தெருமுனையில் அது கேட்டதும் வீட்டுப்பாடப் புத்தகத்தைத் தேடி ஓடுவார்களே ரெண்டு பேரும், அதே சத்தம்.

"அப்பா வந்துட்டாரு, ஓடு" என்றான் புவனேஸ்வரன் எஞ்சினைப் பார்த்தபடியே, மெதுவாக. அம்மா குடைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தண்ணீர் மேட்டின் விளிம்பைத் தொட்டுவிட்டது. கிளம்பியாக வேண்டும். அவன் பானட்டை இறக்கிவிட்டு, பின் சீட்டிலிருந்து தன் பையை எடுக்கப் போனான்.

சந்திரிகா ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்திருந்தாள். குனிந்து, அடியில் இருக்கிற கம்பியைப் பிடித்து இழுத்து, சீட்டை ஒரு பல் பின்னால் தள்ளினாள். 'டக்' என்று சத்தம் கேட்டது. பிறகு இறங்கி, அந்தப் பக்கம் சுற்றி வந்து, இடது பக்கம் ஏறிக்கொண்டாள்.

அவன் கதவைப் பிடித்தபடி சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். கால் சரியாக எட்டியது.

பின்னால் ஏறிய அம்மா பையைத் தள்ளப் பார்த்தாள். அது நகரவில்லை. "என்னடா இது, இவ்வளவு கனம்? வீட்டையே தூக்கிட்டு வந்துட்டியா?"

அவன் கண்ணாடியைத் திருப்பிச் சரிபார்த்துக்கொண்டான். வண்டி ஜெலுத்தோங்கைப் பார்த்துத் திரும்பியது. ரெண்டு பேருக்கும் நடுவில் கிடந்த அவன் கைப்பேசி மறுபடியும் அடித்தது. இந்தத் தரம் சந்திரிகா பெயரைப் பார்த்துவிட்டாள். உமா. அவன் பெண்டாட்டி.

"விடுக்கா, அடிக்கட்டும்" என்றான், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அடித்து ஓய்ந்தது. திரை இருண்டது. சந்திரிகா பின்னால் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு இந்தத் தரம் நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை, முகத்திலேயே தெரிந்தது. கேட்காமல் விட்ட ரெண்டு வருஷம் போதும் என்று பட்டது சந்திரிகாவுக்கு.

"தம்பி," என்றாள், "உமா எப்படிடா இருக்கா?"

அவன் கியரைக் குறைத்தான். குறைப்பதற்குத் தெருவில் தண்ணீரே இல்லை.